விடுப்புக்கான காரணம்

எஸ்பெக்கியாச் சுவரோரம் பழைய புத்தகக் கடையில்
ஒரு கிலோ வெண்டைக்காய் விலைக்கு வாங்கினேன்.
இரண்டாம் பாகம் மட்டும்.
முதல் பாகம் யார் வீட்டிலோ
ஆடும் மேசைக்கு அண்டக்கொடுக்கப்பட்டிருக்கலாம்.

ஜெர்மனில் எழுதி, பிரெஞ்சில் பெயர்த்து,
பெய்ரூத்தில் யாரோ
அவசர அவசரமாக அரபியாக்கிய இலக்கணம்.
புழுதி அடங்கிய நாளில்
எங்கள் மொட்டைமாடியிலிருந்து
பிரமிடின் முனை தெரியும்.
அந்த மண்ணின் சொல்லைப் படிக்க
நான் மூன்று நாடு சுற்றி வரவேண்டியிருக்கிறது.

இம்பாபா ரொட்டி ஆலையில் இரவு வேலை.
அடுப்புக்குப் பக்கத்தில் கண்ணாடி அறை,
வருகைப் பதிவேடு, முத்திரை, நான்.
இரண்டு மணிக்கு மேல் யாரும் வரமாட்டார்கள்.
மேசை இழுப்பறையைத் திறந்து படிப்பேன்.

ஆந்தை என்றால் ம்.
நெளியும் தண்ணீர் ந்.
திறந்த வாய் ர்.
த் என்பது ரொட்டி, பாதி உப்பிய ரொட்டி.
பெண்பால் சொற்களின் வாலில்
அந்த ரொட்டி ஒட்டிக்கொண்டே வரும்.
வெளியே ஆயிரக்கணக்கில் த் த் த் என்று
பட்டையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

மெய்யை மட்டும் எழுதினார்கள்.
உயிரை எழுதவில்லை.
உடலை உப்பில் உலர்த்தி
விரல் விரலாகத் துணி சுற்றியவர்கள்
சொல்லையும் அப்படியே வைத்துப் போயிருக்கிறார்கள்:
மெய் கிடக்கிறது.
உயிர் போன வழி தெரியவில்லை.
அறிஞர்கள் நடுவில் ஓர் எகரத்தைச் செருகி
வாசித்துக்கொள்கிறார்கள்.
இரவல் மூச்சு.

பூனைக்கு மட்டும் குழப்பமே இல்லை. மியூ.
மாவுக் கிடங்குப் பூனையை
அந்தப் பெயரால் கூப்பிட்டேன்.
திரும்பிப் பார்த்தது.
எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கும் பூனைதான்.

எனக்கு முன் இதை வைத்திருந்தவர்
ஓரங்களில் பென்சிலால் எழுதியிருக்கிறார்.
பக்கம் நூற்றுப் பன்னிரண்டு: 'புரியவில்லை.'
நூற்று முப்பத்தொன்று: 'இதுவும்.'
அதற்குப் பிறகு ஓரம் வெள்ளை.
அங்கிருந்து நான் தனியாகத்தான் போனேன்.

நூற்று அறுபத்து நான்கில்
என் வேலை கிடந்தது.

கல்லறை குடைந்த கூலிகளின் வருகைப் பதிவேடு.
சுண்ணாம்புக் கல்லில், அரசனின் நாற்பதாம் ஆண்டு.
கறுப்பு மையில் நாள்.
அதன் தலைமேல் சிவப்பு மையில்
வராததற்குக் காரணம்.
தேள் கொட்டியது.
கண் நோவு.
தாயின் உடலுக்குத் துணி சுற்றப் போனான்.
வீட்டில் பெண் தூரம்.
பீர் காய்ச்சினான்.
மறுபடி இன்னொருவன், பீர் காய்ச்சினான்.

சிரித்தேன். பிறகு
என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன்.
சொந்தக் காரணம். சொந்தக் காரணம்.
சொந்தக் காரணம்.
பதினோரு வருடமாக என் கையெழுத்தில்
ஒருவருக்கும் தேள் கொட்டவில்லை,
ஒருவருடைய அம்மாவும் சாகவில்லை.

அந்த வாரம் ஷஹ்தா மூன்று நாள் வரவில்லை.
மாவு பிசைகிறவன்.
நான்காம் நாள் கண்ணாடி முன் நின்று
"வழக்கம்போல எழுதிக்கொள்ளுங்கள், இன்ஷிராஹ் அம்மா" என்றான்.
"என்ன ஆச்சு?"
அப்படி நான் கேட்டதே இல்லை.
சந்தேகமாகப் பார்த்தான்.
சம்பளம் பிடிக்கத்தான் கேட்கிறேன் என்று
நினைத்திருக்க வேண்டும்.
நெடுநேரம் கழித்துச் சொன்னான்.

எழுதினேன்:
'காற்றில் புறாக்கூண்டு சரிந்தது.
தாய்ப் புறாக்கள் திரும்பவில்லை.
குஞ்சுகளுக்குக் கடலை மென்று
வாயால் ஊட்டிக்கொண்டிருந்தான்.'
கட்டம் போதவில்லை.
புதன்கிழமைக்குள் புகுந்து வியாழனைத் தொட்டது.

காலையில் மேலாளர் வகீஹ் விரலை வைத்துக் கேட்டார்,
"இதென்ன, சிவப்பு மை?"

கறுப்பு தீர்ந்துவிட்டது என்றேன்.