எழுபது கிராம்

வவுட்டர் கடையில் இரண்டு ஜோடி எடுத்து வைத்தார்.
ஒன்று பந்தயக்காரர்களுடையது:
அடியில் மூன்று திருகு, துருத்திய மஞ்சள் பிளாஸ்டிக்.
போட்டு நடந்தேன்.
ஓடுதரையில் வாத்து.

மற்றதில் எஃகுக் கொக்கி
ரப்பர் பள்ளத்துக்குள் இருந்தது,
கேட்டால் மட்டும் பேசுகிற ஆள் மாதிரி.
"எழுபது கிராம் கூடுதல்" என்றார்,
மருத்துவர் குரலில்.

நேற்று தின்ற வாஃபிள் அதைவிடக் கனம்.

ஞாயிறு. கெராட்ஸ்பெர்கனின்
கல் பாவிய ஏற்றம் முடிந்து
ஹோடலீவின் காபிக்கடை.
கழிப்பறை கீழே:
பதினான்கு படி, வளைந்து, ஈரமாய்.
ஏற்றத்தில் என்னை முந்திய நால்வரும்
சுவரைப் பிடித்துப்
பக்கவாட்டில் இறங்குகிறார்கள்,
நண்டுகளாய்.

"கொஞ்சம் வழி" என்றேன்.

திரும்பக் கிளம்பும்போது ஐந்து பெடலிலும்
'டிக்'.
எது யாருடையதென்று
காது சொல்லவில்லை.