கேட் போட்ட நேரம்

என் வேலை கடிகாரம் பார்ப்பது.
டாக்டர் ரெஜினா "கிளாம்ப்" என்றதும்
பொத்தானை அழுத்த வேண்டும்.
அதிலிருந்து வெள்ளெலிக்கு
ஈரல் கிடையாது.
பழையது தட்டில்.
புதியது ஐஸ் உப்புநீரில்.
நடுவில் எலி மட்டும்
நாலு காலும் டேப்பில் விரிந்து
மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

இருபது தாண்டினால் பிழைக்காது,
பதினெட்டுக்குள் முடிக்கணும் என்பார் பெரிய டாக்டர்.

பதினெட்டு நிமிஷம் எனக்குத் தெரியும்.
கொருக்குப்பேட்டையில் கேட் போட்டால்
துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ்
நின்று, யோசித்து,
கொஞ்சம் பின்னால் வந்து
மறுபடி கிளம்பும் நேரம்.
ஒருநாள் என் சைக்கிளுக்கு முன்னால்
ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு நின்றது.
பெட்டிகளை எண்ணினேன். நாற்பத்தொன்று.
முப்பதாவது பெட்டியிலேயே
அலறலை நிறுத்திவிட்டார்கள்.

எலிக்குப் பித்தப்பை இல்லை.
சொன்னபோது நம்பாமல்
தட்டில் கிளறிப் பார்த்தேன்.
நிஜமாகவே இல்லை.

கொடுத்த எலி ஒரு ஜாதி,
வாங்கிய எலி வேறு.
"ஜாதின்னு சொல்லாத தேசிங்கு, ஸ்ட்ரெயின்."
ஏழாம் நாள் காதோரம் மஞ்சள் பூக்கும்.
உள்ளே வந்தது யாரென்று
உடம்பு கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம்.
சில ஜோடியில் மட்டும்
மருந்தே கொடுக்காமல்
ஏற்றுக்கொள்கிறது.
அதே எலியின் தோலைத் தைத்தால் உதிர்த்துவிடும்,
ஈரலை வைத்துக்கொள்ளும்.
ஏன் மேடம் என்றேன்.
தெரிஞ்சா எதுக்கு இத்தனை எலி, என்றார்.

தங்கச்சி அமுலுவின் புருஷனை
பதினோரு வருஷமாக
எங்கள் வீட்டில் வாசலோடு நிறுத்துகிறார்கள்.
பிள்ளைகள் மட்டும் உள்ளே ஓடி வரும்.
நானும்தான்
ஒருநாளும் எழுந்துபோய்க் கூப்பிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஈரல் தின்பாயா என்று கேட்கிறார்கள்.
தின்பேன்.
மிளகு தூக்கலாக.

இன்று பத்தொன்பது நிமிஷம், பன்னிரண்டு விநாடி.
நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
ரெஜினா கேட்கவுமில்லை.
கிளாம்பை எடுத்தார்.
வெளிறிக் கிடந்த ஈரல்
ஓரத்திலிருந்து சிவந்துகொண்டு வந்தது,
யாரோ உள்ளே விளக்குப் போட்ட மாதிரி.
அறுபத்துமூன்று என்று கூண்டில் எழுதினேன்.
கொடுத்த எலிக்கு எண் எழுதுவதில்லை,
மஞ்சள் கவர்தான்.

சாயங்காலம் கேட் போட்டிருந்தது.
எண்ணெய் டாங்கர் வண்டி.
கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய்
இல்லாத பொத்தானை அழுத்தியது.
அந்தப் பக்கம், கம்பிக்குப் பின்னால்,
வண்டியின் இடுக்கில் தெரிந்து மறைந்து தெரிந்து
அமுலு புருஷன்.
அவனும் பெட்டிகளை எண்ணுகிறான் போல.