ரெண்டு இஞ்ச்

கம்பம்மெட்டில் அன்று மழை விட்டது என்று சொல்ல முடியாது.
மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தது.
வாசலில் ஜீப்பைத் தூக்கி
நாலு ஸ்டாண்டில் நிறுத்தினேன்.
சக்கரம் கழற்றியதும்
வேட்டி இல்லாமல் ஆற்றோரம் நிற்கிற ஆள்போல
ஒரு கூச்சம் வந்துவிட்டது அதற்கு.

எல்லாம் ஒரு கல்லுக்காக.
எஸ்டேட் வழியில், மூன்றாம் வளைவு தாண்டி
ரோட்டின் அகலத்துக்குப் படுத்திருக்கும் ஆமை முதுகு.
முன்சக்கரம் ஏறி இறங்கும்,
பதினாலு பேர் பாரத்தோடு வயிறு போய் உட்காரும்.
பதினோரு வருஷம்.
காலையில் ஒரு இடி,
சாயங்காலம் ஒரு இடி.
கல்லில் இப்போது
என் கியர்பாக்ஸ் ஆயில் மணக்கும்.

கோட்டயத்திலிருந்து பஸ் டாப்பில் வந்தது பெட்டி:
புதுப் பட்டைகள், நீளமான ஷேக்கிள், நாலு ஷாக்.
கூட ஒரு தாள். அதில் எட்டுப் படம்.
எந்தப் படத்திலும்
யார் கண்ணிலும் துரு விழவில்லை.

பழைய யூ-போல்ட் நட்டுகள்
ஊர்க்கூட்டத்தில் முன்வரிசைக்காரர்கள் மாதிரி
அசைவேனா என்றன.
மண்ணெண்ணெய் ஊற்றினேன். டீ குடித்தேன்.
ஸ்பானர் வாலில் தண்ணிக்குழாயைச் சொருகி
பவுன்தாயும் நானும் சேர்ந்து தொங்கினோம்.
மூன்று திரும்பின.
ஒன்று, அறுந்தாலும் அறுவேன் என்று
அறுந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஜோய்க்குட்டி.
"ஆர்.டி.ஓ. கண்டா ஃபைன் எழுதும், கேட்டோ"
என்று சொல்லிக்கொண்டே
தன் ஜாக்கியோடு வேலி தாண்டி
பின்னச்சுக்கு அடியில் போய்ப் படுத்தான்.

பட்டை ஏறியது. அச்சு கீழே இறங்கியது.
பிரேக் ஹோஸ் மட்டும் கூட வர மறுத்தது.
டார்ச் பிடித்திருந்த பவுன்தாய்தான் பார்த்தாள்:
"ரப்பர் வெளுக்குதுங்க."
நான் அதைப் பார்த்திருக்க மாட்டேன்.
பார்த்திருந்தாலும், போகும் என்றிருப்பேன்.
அவள் மலையிறங்கிக் கம்பம் போய்
ஞாயித்துக்கிழமை சாத்திய கடையைத் திறக்கவைத்து
கடைசி பஸ்ஸில் வந்தாள்,
மடியில் நீளமாய் ஒரு ஹோஸ்.

ராத்திரி காற்றெடுத்தோம்.
அவள் சீட்டில், நான் மண்ணில்.
மிதி. பிடி. விடு.
மிதி. பிடி.
கல்யாணமாகி இத்தனை வருஷத்தில்
ஒருத்தர் சொல்லை ஒருத்தர்
மறுபேச்சில்லாமல் கேட்டது
அந்த முக்கால் மணி நேரம்தான்.

லைட்டைப் போட்டால்
ரோட்டைக் காணோம்.
முன்பக்கம் கொஞ்சம் கூட ஏறிவிட்டது.
மிளகுக்கொடி உச்சியும்
ஜோய்க்குட்டி மாடியில் காய்கிற பனியனும்
பகல்போல் தெரிந்தன.
திருகாணியைத் திருகித் திருகி
வெளிச்சத்தைத் தரைக்கு இறக்கும்போது
சேவல் ஒன்று ஏமாந்து கூவியது.

விடிந்து, செக்போஸ்ட் பக்கம்.
தூக்குச்சட்டியோடு முதலில் வந்த செல்லக்கிளி
வழக்கம்போல் காலைத் தூக்கினாள்.
படி எட்டவில்லை.
இன்னொரு தரம் தூக்கினாள்.
"கல்லுக்குப் பாத்தீக.
எங்க முட்டிக்குப் பாத்தீகளா?"
எனக்குப் பதில் இல்லை.
ரோட்டோரம் கிடந்த சிமெண்ட் கல் இரண்டைப் போட்டு,
கையைக் கை இழுத்து,
திட்டிக்கொண்டே பதினாலு பேர் ஏறினார்கள்.
கல்லையும் உள்ளே எடுத்துப் போட்டுக்கொண்டோம்.

மூன்றாம் வளைவு.
பேச்சு தானாக நின்றது.
எல்லாக் கையும் கம்பிக்குப் போனது.
சிவனம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.
முன்சக்கரம் ஏறியது, இறங்கியது.
பின்சக்கரம் ஏறியது,
இறங்கியது.

அவ்வளவுதான்.

கம்பியை இன்னும் யாரும் விடவில்லை.
மூடிய கண்ணோடே சிவனம்மா கேட்டாள்:
"கல்லை எடுத்துப்புட்டாகளா?"
"பஞ்சாயத்துல எடுத்திருப்பாக" என்றது பின்சீட்டு.
"எலக்சன் வருதுல்ல."

கண்ணாடியில் பார்த்தேன்.
வாயைத் திறக்கவில்லை.
சாயங்காலம் நெடுங்கண்டத்தில் நிறுத்தி
படிக்குக் கீழே இன்னொரு படி
வெல்டு வைக்க வேண்டும்.
அது கல்லில் இடிக்குமா என்று
மனசுக்குள் அளந்துகொண்டே
ரெண்டாம் கியருக்கு மாற்றினேன்.