பதினோராவது கட்டம்

படிவத்தில் பதினோராவது கட்டம்: விபத்தின் காரணம்.
ஒன்றரை அங்குலம் இடம்.
எழுத்தைப் பொடியாக்கினால் இரண்டு வரி கொள்ளும்.

கோனாப்பட்டுக் கண்மாயில்
அடைமழை ஓய்ந்த நாலாம் வாரம்,
பன்னிரண்டு இருக்கைப் படகு ‘சொர்ணம்’
மாலை ஐந்தே முக்காலுக்குத் துறைமேடையில் மோதியது.
சேதம்: முகப்பில் முழ நீளப் பிளவு,
புனே மாப்பிள்ளையின் முன்பல் ஒன்று,
ஒரு வெள்ளைக்காரம்மாவின் மணிக்கட்டு,
ஒரு பிளாஸ்க் சுக்குக் காப்பி.
துறைமேடைக்கு ஒன்றுமில்லை.
யாரோ இடித்து விற்ற வீட்டின் பர்மாத் தேக்கு.
கீறல்கூட இல்லை, குனிந்து தேடிப் பார்த்துவிட்டேன்.

விடுதி மேலாளர் ஏசியைக் கூட்டியபடி சொன்னார்:
“டிரைவர் தப்பு. எழுதிக்கோங்க மேடம்.
கடல்ல ஓட்டினவன்.
கண்மாய்தானேன்னு அலட்சியம்.”

மாப்பிள்ளை, பல் போன இடத்தில்
காற்று சீட்டியடிக்கச் சொன்னார்:
எல்லோரும் சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.
சூரியனைப் பார்க்கத்தானே டிக்கெட்.

சந்தியாகு தொண்டிக்காரர்.
கட்டைவிரல் நகத்தைப் பார்த்தே பேசினார்:
“கடல்ல அலை திருப்பித் தள்ளும்,
எஞ்சினக் குறைச்சா அதுவே நிறுத்திக் குடுக்கும்.
இது சும்மா கெடக்குற தண்ணி.
போறவனப் போகவிடும்.
ரிவர்ஸ் போட்டேன்.
லிவர் வந்துச்சு. கியர் வரல.”

இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஊசி
இருநூற்று நாற்பது ரூபாய், கொச்சியிலிருந்து வரவேண்டும்.
“சீசன் முடியட்டும்னாங்க” என்றார் மெக்கானிக் ஷேக் முகைதீன்.
அதுவரைக்கும் ஒரு சைக்கிள் கம்பியை
வளைத்து மாட்டியிருந்தார்.
ஒளிக்காமல் எடுத்துக் காட்டினார்.
கொக்கியாக இருந்ததையே மறந்து
நிமிர்ந்து கிடந்தது.

சரி, மோதட்டும்.
மோதட்டும் என்றுதானே
மேடை நெடுக லாரி டயர்கள் தொங்குகின்றன.
படகு அவற்றுக்கு அடியில் புகுந்திருக்கிறது,
பந்தலுக்குள் தலை குனிந்து நுழையும்
சம்பந்தி போல.
டயர் கட்டிய நாளில் தண்ணீர் அந்த மட்டத்தில் இருந்தது.
அன்றைக்கு ஒன்றரை அடி கீழே.

மடை திறந்தது பொன்னாத்தாள்.
வரப்பில் நிறுத்தி, வெளிறிய பயிரைக் காட்டினார்.
“நாலு ராத்திரியாத் தெறக்குறேன். எங்க முறை.
படகுக்காரவுகளுக்கு முறை உண்டா,
கண்மாய்க் கணக்குல?”
நான் அந்தக் கணக்கைப் பார்த்ததில்லை.
பேசாமல் கரையில் நின்றேன். நீர்க்காகம் ஒன்று
பிளந்த முகப்பின்மேல் உட்கார்ந்து
சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது.

இரவு, காரைக்குடி அலுவலகத்தில்
பழைய கோப்பைத் திறந்தேன்.
காப்பீட்டுக்கு முந்தைய பரிசோதனை, ஆடி மாதம்.
கண்மாய் அன்று வெடித்துக் கிடந்தது,
குறுக்கே ஆடுகள் நடந்து போயின.
‘சொர்ணம்’ செங்கல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது,
ஏலத்தில் ஒட்டிய எண் இன்னும் அழியாமல்.
எஞ்சின்: சரி.
சுக்கான்: சரி.
ரிவர்ஸ்: சரி.
பச்சை மையில் சரிக்குறி, வாலை நன்றாக நீட்டி.
சொட்டுத் தண்ணீர் இல்லாத தரையில்
ஒரு படகு பின்னால் போனதைக் கண்டவள்
இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான்.
கையொப்பம்: மு. உமையாள்.

பதினோராவது கட்டத்தில்
‘நீர்மட்டம்’ என்று எழுதி, அடித்தேன்.
‘ஊசி’ என்று எழுதினேன்.
கட்டத்தில் பாதிகூட நிறையவில்லை.

மீதி இடத்துக்கு மேலே பேனா நிற்கிறது.
அதே பச்சை மை.
அனுப்ப வேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமை.
இன்று புதன்.