அசையாமல் இருக்க அறுபது வெள்ளி

முதல் இருபது நிமிடம் சுலபம்.
அதற்குப் பிறகுதான்
இடது முழங்காலில் ஓர் எறும்பு ஊரத் தொடங்கும்,
இல்லாத எறும்பு.

ஆச்சின் தெருவில் கடைவீட்டு மாடி.
சனிக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து.
பதினோரு பேர் என்னைப் பார்க்கிறார்கள்.
சேலையோடுதான் உட்காருவேன்,
முதல் நாளே சொல்லிவிட்டேன்.
மிஸ்டர் கோர் சிரித்தார்:
முகமும் கையும் போதும்,
சேலை மடிப்பு எங்களுக்குப் போனஸ்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம்
பாயான் லெப்பாஸில்
நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மைக்ரோஸ்கோப்புக்கு அடியில்
தலைமுடியிலும் மெல்லிய தங்கக் கம்பி
தொடவேண்டிய இடத்தைத் தொட்டதா என்று.
என்னை யாரும் பார்த்ததில்லை.
நீலத் தொப்பி, வெள்ளை மூக்குத்துணி, நடுவே இரண்டு கண்.
சூப்பர்வைசருக்கு நான்
வரிசை நான்கு, மேசை ஒன்பது.
கம்பெனி வியட்நாமுக்குப் போனபோது
மிஷினையெல்லாம் கழற்றிக்கொண்டு
கண்ணை மட்டும் விட்டுப்போனது,
தேய்ந்த கண்ணை.

அந்தத் தீபாவளிக்கு
நூற்றைம்பது டின் முறுக்குக்கு ஆர்டர் எடுத்தேன்.
நூற்றுப் பன்னிரண்டாவதில்
எண்ணெய்ச் சட்டி வலது கையில் சாய்ந்தது.
மீதி முப்பத்தெட்டை
இடது கையால் பிழிந்தேன்.
கொஞ்சம் கோணல்தான்.
யாரும் திருப்பித் தரவில்லை.

எதிர்க் கட்டடத்தில் ஆளில்லை.
மூன்றாவது ஜன்னலுக்கு மேலே
சுண்ணாம்பைப் பிளந்துகொண்டு ஓர் அரசு.
மாநகர் மன்றத்து ஆட்கள் ஏணியோடு வந்து
இரண்டு முறை வெட்டிப்போனார்கள்.
இரண்டு முறையும் இந்த நாற்காலியில் இருந்தேன்,
அசையாமல்.
இரண்டாவது முறை என் முகம் மாறிவிட்டதாம்.
மூன்று பேர் வாயை அழித்து
மறுபடி வரைய வேண்டியதாயிற்று.

கரி, தைப்பிங் பக்கத்துச் சூளையிலிருந்து வருகிறது.
பக்காவ் மரம்.
உப்புத் தண்ணீரில் முட்டிபோட்டு நின்ற மரம் என்பார் மிஸ்டர் கோர்;
நாள்கணக்கில் எரியவிடாமல் வேகவைத்தால்தான்
இந்தக் கறுப்பு கிடைக்குமாம்.
என் மூக்கும் காதும்
அந்த மரத்தால்தான் ஆகியிருக்கின்றன
பதினோரு தாளில்.

இடைவேளைக்குக் கோப்பி.
பலகைகளைச் சுற்றிவந்து பார்க்கலாம்.
ஒரு பையன் என் கழுத்தை நீட்டி வைத்திருக்கிறான்.
ஓய்வுபெற்ற டத்தோ ஒருவர்
தழும்பை எடுத்துவிட்டார்,
மரியாதைக்காக.

யீ வென் மட்டும்
மூன்று வாரமாக அந்தக் கையிலேயே நிற்கிறாள்.
வரைகிறாள், ரொட்டித் துண்டால் ஒற்றி எடுக்கிறாள்,
மறுபடி வரைகிறாள்.
அழித்த கைகள் போகவில்லை;
சாம்பல் நிறத்தில்
ஒன்றன்கீழ் ஒன்றாக
ஏழோ எட்டோ கைகள்.
தோலாக வரமாட்டேங்குது ஆன்ட்டி,
மரப்பட்டையாக வருது, ஸாரி, என்றாள்.
எனக்கும் பழக நாலு வருஷம் ஆச்சு, என்றேன்.
அவள் தலையாட்டிவிட்டு
இன்னும் ஒரு முறை அழித்தாள்.
தாள் மெலிந்து
வெளிச்சம் தெரிந்தது.

ஐந்து மணிக்கு எழுந்தால் கால் என்னுடையதாக இல்லை.
அறுபது வெள்ளியை எண்ணி வாங்கினேன்.
குனிந்து செருப்பு மாட்டும்போது
தரையில் கிடந்த கரித்துண்டு ஒன்றையும்
கைப்பைக்குள் போட்டேன்.
கேட்கவில்லை.

ரைபிள் ரேஞ்ச், பதினோராம் மாடி.
லிப்ட் இன்றைக்கும் படுத்துவிட்டது.
மூச்சு அடங்கியதும்
லைட் பில்லைப் புரட்டிப்போட்டு
அந்த அரசை வரைந்து பார்த்தேன்.
இலை ஒன்றுகூட வரவில்லை,
எல்லாம் கரண்டி மாதிரி.
வெட்டிய இடம் மட்டும்
அப்படியே வந்தது:
முதல் வெட்டு, அதன் பக்கவாட்டில் முளைத்தது,
இரண்டாம் வெட்டு,
அதற்கும் கீழே
சுவரைக் கவ்விய அந்த விரல்கள்.

மறுபக்கம் நூற்று நான்கு வெள்ளி முப்பது காசு.
செவ்வாய்க்குள் கட்ட வேண்டும்.
கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம்
கேட்டுப் பார்க்கணும்,
முத்திரையைக்
கொஞ்சம் ஓரமாகக் குத்த முடியுமா என்று.