இரண்டு முடிச்சு

ரீனோ கடைக்காரன் போனிலேயே சொல்லிவிட்டான்:
வெட்டி, ஒட்டி, சுழற்றிச் சமன் பார்த்துத் தர
நானூற்றிருபது டாலர், வரி தனி.
வண்டியை வாங்கியதே அறுநூற்றுக்கு என்று
அவனிடம் நான் சொல்லவில்லை.

வின்னமக்காவில் பிப்ரவரி.
காற்று வேலிக்கம்பியைச் சீவிக்கொண்டு போகிறது.
கொட்டகையில் நாலு ஸ்டாண்டின் மேல் ரேஞ்சர்.
எக்ஸ்ப்ளோரரிலிருந்து பெயர்த்த பின் அச்சு
அதற்கடியில் புது மாப்பிள்ளை மாதிரி
எல்லாவற்றிலும் கொஞ்சம் கூடுதலாக.
ஸ்பிரிங் ஒத்துக்கொண்டது. பிரேக் குழாயும் முனகிவிட்டு ஒத்துக்கொண்டது.
மூக்குதான் நீளம்.
பழைய டிரைவ் ஷாஃப்டைத் தூக்கிப் பிடித்தால்
ஒன்றரை விரற்கடை மிச்சம்.

ஒன்றரை விரற்கடைக்கு நானூற்றிருபது!
தங்கம்கூட அந்த விலை போகாது என்று சொல்ல வந்தேன்.
தங்கத்தின் இன்றைய விலை தெரியாது.
விட்டுவிட்டேன்.

முதல் தடவை அளந்தது தப்பு.
அச்சு அந்தரத்தில் தொங்க,
எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு
ஐம்பது மைல் ஓட்டி, டெல் புரூயிட்டின் உடைசல் யார்டில்
ஒரு ஷாஃப்ட் வாங்கி வந்து மாட்டினேன்.
அழகாக உட்கார்ந்தது.
ஜாக்கை இறக்கினேன்.
வண்டி தன் எடையை நினைத்துக்கொண்டு மெல்லக் கீழே அமர
அச்சு மேலேற, ஷாஃப்ட் முன்னால் தள்ள,
கியர் பெட்டியின் அடிவாரத்தில்
டங்.
அந்தச் சத்தம் என் கடைவாய்ப் பல்லில் இன்னும் இருக்கிறது.

தொங்குகிற வண்டிக்கு ஒரு நீளம்,
நிற்கிற வண்டிக்கு வேறொன்று.
யாரும் சொல்லாமலில்லை. டெல் சொன்னான்.
அவன் சொன்னபோது நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் தடவை
நாலு சக்கரமும் தரையில்,
பின்னால் ஆட்டுத்தீவனம் ஆறு மூட்டை,
அவற்றின் மேல் நாய்.
இழுப்பு டேப்பில் முதல் இரண்டு அங்குலம் எப்போதோ ஒடிந்துபோனது;
கழித்துக் கழித்து நம்பிக்கை போய்விட்டது.
வைக்கோல் கட்டும் ஆரஞ்சுக் கயிற்றை எடுத்தேன்.
கியர் பெட்டியின் வாயில் ஒரு முடிச்சு,
பின் மூட்டின் நட்டநடுவில் இன்னொன்று.
குழியில் விழும்போது ஒதுங்கிக்கொள்ள
ஓரங்குலம் விட்டுத்தான்.

யார்டில் நுழைய இரண்டு டாலர்.
பனிச்சேற்றில் முதுகை வைத்து
பதினேழு வண்டிகளின் அடிவயிறு பார்த்தேன்.
தபால் ஜீப்: சாண் குறை.
டாக்ஸி: முழம் மிச்சம்.
பிரான்கோ ஒன்று கிட்டத்தட்ட,
ஆனால் நடுவில் வளைந்து, எதன்மேலோ மோதிய நாளை
மறக்காமல் வைத்திருந்தது.
விரல் மரத்துக் கயிறு எது விரல் எது என்று தெரியவில்லை.

பதினெட்டாவது ஒரு பச்சை ஏரோஸ்டார் வேன்.
பின் சீட்டில் குழந்தையின் ஒற்றைக் காலுறை,
கூரையில் யாரோ ஒட்டிய இருட்டில் ஒளிரும் நட்சத்திரங்கள்.
முடிச்சு போய் மூட்டின் மேல் நின்றது.
இரண்டு நூல் குறை.
இரண்டு நூலை யார் கேட்கிறார்கள்.

"அலுமினியம் அது, அரான்சா. அறுபது."
டெல் முகத்தைப் பார்த்து விலை சொல்கிறவன்.
என் முகத்தில் அப்போது சேறுதான் இருந்தது.
தப்பாய் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து
மேலே பதினெட்டு; கூட ஒரு ஜாடி ஊறிய மிளகாய்.
"மூடியைத் திருப்பி அனுப்பு," என்றேன்.
அனுப்பமாட்டான்.

ஒரு பக்கம் பெரிய தொப்பி, மறுபக்கம் சின்னது
என்று ஒரு சிலுவை மூட்டு இருக்கிறது,
இரண்டு வீட்டுக்கும் பேசத் தெரிந்தது.
இருபத்திரண்டு டாலர்.

ஞாயிற்றுக்கிழமை பெருஞ்சாலையில் ஏற்றினேன்.
நாற்பதில் அமைதி. ஐம்பதில் அமைதி.
ஐம்பத்தெட்டில் ஒரு நடுக்கம்,
கண்ணாடியில் தெரியும் மலை மட்டும் லேசாகக் கலங்குகிற அளவு.
அறுபத்தொன்றில் போய்விடுகிறது.
ஆகையால் அறுபத்தொன்றில் போகிறேன்.
முந்நூற்றெண்பது டாலருக்கு
மூன்று மைல் வேகம் கூட்டிப் போகலாம்.

கயிறு இப்போது பட்டிக் கதவில்.
முடிச்சை அவிழ்க்கவில்லை.
ஆடுகளுக்கு அது என்ன அளவென்று தெரியாது,
நடுவில் தள்ளிப் பார்க்கின்றன.