நீடாமங்கலம் கேட்

கேட் போட்டால் அவர் தூங்கிவிடுகிறார் என்று
கண்டக்டர் அமல்தாஸ்தான் முதலில் சொன்னது.
அதுவும் என்னிடம் இல்லை, தன் மனைவியிடம்.
ரேஷன் கடை வரிசையில்
என்னிடம் வந்து சேர்ந்தது.

சரக்கு ரயில், ஐம்பத்தெட்டுப் பெட்டி.
பத்து கடப்பதற்குள்
ஸ்டியரிங் மேல் நெற்றி.
கேட் தூக்கியதும் பின்னால் நிற்கிற லாரிக்காரன்
ஹாரனிலேயே அவர் பரம்பரையை விசாரிப்பானாம்.

"ராத்திரி நல்லாத்தானே தூங்குறேன்,
ஒன்பதுக்குப் படுத்தா அஞ்சு மணிக்குத்தான்"
என்கிறார் தியாகேசன்.
தெருவே சாட்சி சொல்லும்.
எதிர்வீட்டு நாய்
படுக்கிற இடத்தை மாற்றிக்கொண்டது.

குறட்டையில் எனக்குப் பயமில்லை.
அது நிற்கிறதே, அதில்தான்.

மார்பு எக்குகிறது, வயிறு இழுக்கிறது,
காற்று மட்டும் இல்லை.
உள்ளே யாரோ கேட் போட்டுவிட்டார்கள்.
எண்ணுகிறேன்.
பதினொன்று. பன்னிரண்டு.
வெண்ணாற்றுப் பாலத்தில் ஏதோ வண்டி போகிறது.
இருபத்து மூன்று.
உலுக்கலாமா.
இருபத்தொன்பது.
என் மூச்சையும் பிடித்து வைத்திருப்பது
அப்போதுதான் தெரிகிறது.
பிறகு ஓர் உறுமல்,
ஆற்றில் முங்கி எழுந்தவர் போல ஓர் உதறல்,
இரண்டு பக்கத்து வண்டிகளும்
ஒன்றாகக் கிளம்புகிற இரைச்சல்.

அவருக்கு எதுவும் தெரியாது.
காலையில் தலைவலி, வறண்ட நாக்கு,
காபியில் சீனி குறைச்சல் என்று ஒரு சண்டை.
ஏழு பத்துக்கு பஸ்ஸை எடுப்பார்.
பூவனூர்ப் பிள்ளைகள்
படிக்கட்டு வரை நிற்கும்.

தஞ்சாவூரில் ஒரு ராத்திரி படுக்க வைத்தார்கள்.
தலையெல்லாம் ஒயர், விரலில் கிளிப்,
மார்பைச் சுற்றிப் பட்டை.
காகிதத்தை நீட்டி டாக்டர் பெண் சொன்னாள்:
மணிக்கு முப்பத்தெட்டு முறை.
தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைக்கிறது,
ஒவ்வொரு முறையும் மூளை தட்டி எழுப்புகிறது.
"நீங்க சரியாத் தூங்கியே பல வருஷம் ஆகியிருக்கும் சார்.
இது சரியாகிற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க."
அவர் என்னைப் பார்த்தார்,
நான்தான் போட்டுக்கொடுத்த மாதிரி.

மெஷினுக்காக வளையல் இரண்டும்
கூட்டுறவு வங்கிக்குப் போயின.
முதல் வாரம் முகமூடியைப் பிடுங்கி எறிந்தார்.
யானைக் குட்டி மாதிரி இருக்கிறதாம்.
மூன்றாம் வாரம், ஒரு விடிகாலை,
எழுந்து உட்கார்ந்து கேட்டார்:
"ஒரத்தூர் மாமா நமக்கு நானூறு ரூபா தரணுமா?"
மாமா செத்து ஒன்பது வருஷம்.
"கனவுல வந்து குடுத்துட்டுப் போனாரு."

கனவு.
கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில்
இவர் ஒரு கனவும் சொன்னதில்லை என்பது
அந்த நிமிஷம்தான் உறைத்தது.

நேற்று இரண்டரைக்குக் கரண்ட் போயிற்று.
மெஷினின் முனகல் நின்றது.
முகமூடியைக் கழற்றி
தோளில் கைகொடுத்து
ஒருக்களித்துப் புரட்டினேன்.
பனியன் ஈரம். கொசு.
எண்ண ஆரம்பித்தேன்.
பதினான்கு வரை நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது
விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
கொல்லையில் அவர்
தொண்டையைக் காறிக் கொப்பளிக்கிற சத்தம்.